அண்ணனின் மாடுகள் ஏலம் போன நாள்

நோர்டால், விஸ்கான்சின்
மே மாதக் கடைசி ஞாயிறு

என் அன்பு எவரிஸ்டோவுக்கு,

நீயும் உன் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நம் மகள் மாரிட்டும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இப்போது பேசும்போது காற்றுதான் அதிகம் வருகிறது. போன வாரம் பெய்த மழையில் நீ போட்ட கோழிக்கூட்டின் கூரை ஒழுகவே இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவேன். இதை முழுதாகச் சொல்லியாக வேண்டும். நேற்று முன்தினம் அண்ணன் லைலின் மாடுகள் ஏலம் போயின. நான் மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். திரும்பத் திரும்ப எழுதினால்தான் எனக்குச் சூடு ஆறாமல் இருக்கிறது. அக்டோபரில் பின்விளக்கு எரியவில்லை என்று உன் வண்டியை மறித்து, குடியேற்றக் காகிதம் இல்லை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப்பின் ஆட்களே வழியில் ஆளைப் பிடித்துக் குடியேற்றத் துறையிடம் கொடுக்கலாம் என்று மாவட்ட மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவன் மன்றத் தலைவர் லைல். என் கூடப் பிறந்த அண்ணன். அன்று மாலையே அவன் வீட்டுக்கு ஓடினேன். ஷெரீப் அவனோடு மீன் பிடிக்கப் போகிறவர். ஒரே ஒரு போன் போடச் சொல்லிக் கெஞ்சினேன். ஜனாதிபதியின் ஆதரவாளர்கள் போடும் அந்தச் சிவப்புத் தொப்பியைக்கூடத் தலையிலிருந்து கழற்றாமல், "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான், ஆர்டிஸ். கெட்டவங்களைத்தான் அனுப்புவாங்க. எவரிஸ்டோவை விட்டுடுவாங்க. நீ போய்ச் சாப்பிடு" என்றான். உன்னை எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்ட செய்தியோடு மறுபடி போனபோது, "அவன் மத்தவங்களை மாதிரி விசா வாங்கி, வரிசையில வந்திருக்கணும்" என்றான். அந்த வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று இதுவரை எந்த வக்கீலாலும் எனக்குக் காட்ட முடியவில்லை.

அந்த வாரமே மன்றத் தேர்தலில் அவனுடைய இடத்துக்கு நான் நிற்கிறேன் என்று மனு கொடுத்துவிட்டேன். ஊரே சிரித்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் தலைவரை எதிர்ப்பதா? ஆனால் நம் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பனியில் வீடு வீடாகப் போனேன்.

வெண்டல் ஹாகனை உனக்கு நினைவிருக்கும். அவருடைய பண்ணை ஆட்கள் எல்லோரும் பயந்து ஓடிவிட்டதால் அந்த வயதில் தானே பால் கறந்துகொண்டிருந்தார். கதவைத் திறந்து, "நான் ஜனாதிபதிக்குத்தாம்மா ஓட்டுப் போட்டேன். ஆனா இதுக்காகப் போடலை" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். "வேற எதுக்குப் போட்டீங்க, மிஸ்டர் ஹாகன்? அந்த ஆளு என்ன ஒளிச்சா வச்சாரு? ஊர் ஊரா மேடை போட்டு மைக்குல கத்திக் கத்தித்தானே சொன்னாரு? அப்ப நீங்க கை தட்டுனீங்களா இல்லையா?" என்று கேட்டேன். தலை குனிந்தார். "தட்டுனேன்" என்றார். சரி, இந்த முறை எனக்குத் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் அவரை மன்னிக்கவில்லை. ஓட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தேர்தலுக்கு முன்பு தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் எங்கள் இருவரையும் பேச வைத்தார்கள். வெளியாட்கள் வந்து நம் ஊரைக் கெடுக்கிறார்கள் என்று லைல் ஆரம்பித்தான். அதே பேச்சு, அதே கையசைப்பு. தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து ஜனாதிபதியின் உதட்டுச் சுழிப்புகூட அவனுக்கு வந்துவிட்டது. நான் எழுந்தேன். "அண்ணா, அப்பா படுக்கையில கிடந்தப்போ தினமும் அவரைத் தூக்கி உடம்பு துடைச்சுவிட்டது யாரு? நீ வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போவியே, அப்ப உள்ள இருந்தது யாரு? அந்தப் பேரை இங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டு மேல பேசு" என்றேன். அவன் தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான். பாதிரியார் இருமினார். கடைசிவரை உன் பெயரை அவன் சொல்லவில்லை. ஏப்ரலில் என்னிடம் தோற்றான்.

தோற்ற கையோடு நம் வீட்டுக்கு வந்தான். வாழ்த்துச் சொல்ல வந்தான் என்று நினைத்தேன். அவன் பண்ணையில் வேலை செய்த உன் மாமன் மகன்கள் தோமாஸும் செலெஸ்தீனோவும் பயந்து ஓடிப் போன பிறகு அவனுக்குப் பால் கறக்க ஆளே இல்லை. மடி வீங்கி மாடுகள் கத்துகின்றனவாம். மூட்டு வலியோடு அவனும் ஜோலீன் அண்ணியும் இரண்டு வேளையும் படாத பாடுபடுகிறார்களாம். "அவங்க எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிடு. என் பண்ணைக்குள்ள அவங்களைப் பிடிக்க எவனும் வர மாட்டான், நான் பாத்துக்கறேன்" என்றான். அதாவது சட்டம் எல்லாருக்கும். அவன் மாட்டுத் தொழுவத்துக்கு மட்டும் இல்லை. "ஆள் வேணும்னா நீயும் வரிசையில நில்லு, அண்ணா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அதன் பிறகுதான் ஏலம். மாடுகளை ஒவ்வொன்றாக ஓட்டி வந்தார்கள். தேவாலயப் பெண்கள் சாஸேஜ் வைத்த ரொட்டி விற்றார்கள், வாங்கிச் சாப்பிட்டேன். ஏலம் விடுகிறவருக்குப் பக்கத்தில் லைல் நின்றான். என்னைப் பார்க்காமலிருக்க எங்கெங்கோ பார்த்தான். கடைசி மாடும் வண்டியில் ஏறியபோது காலியான தொழுவத்துக்குள் போய் நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது வெளியிலிருந்தே தெரிந்தது. அண்ணி நேராக என்னிடம் வந்து, "இப்பத் திருப்தியா உனக்கு?" என்றாள். "இன்னும் இல்ல, அண்ணி" என்றேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எவரிஸ்டோ. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். லைலை மன்னித்துவிடு, என்ன இருந்தாலும் உன் ரத்தம் என்று எழுதியிருக்கிறாய். மாரிட்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, அம்மா ஒரு அறையை ஒழித்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார் என்கிறாய். வருவேன். ஆனால் அடுத்த மாதம் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய வாக்கெடுப்பு வைத்திருக்கிறேன். இரண்டு உறுப்பினர்கள் ஊசலாடுகிறார்கள். அதை முடித்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு ஷெரீப் தேர்தல் வருகிறது. அந்த ஆளையும் அந்த நாற்காலியில் விட்டுவிட்டு நான் எப்படிக் கிளம்புவது? நீ இதைப் படித்துத் தலையை ஆட்டுவாய். ஆட்டு. நான் இப்போதே இங்கிருந்து போனால் அவர்கள் நினைத்தது முழுதாக நடந்த மாதிரி ஆகிவிடாதா?

உன் கடிதத்தில் ஒரு இடத்திலாவது அவனைத் திட்டியிருப்பாயா என்று தேடினேன். கிணறு தூர் வாரியது, காப்பிச் செடி பூத்தது, தேவாலய மணி புதிதாக வந்தது, இவைதான் இருக்கின்றன. ஓரிடத்தில் "நம்ம வீடு" என்று எழுதியிருக்கிறாய். எந்த வீட்டைச் சொல்கிறாய் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. அதன் சுவர் பச்சை என்று அடுத்த வரியில் இருந்தது. இங்கே நம் வீட்டில் பச்சைச் சுவர் கிடையாது.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். வேளைக்குச் சாப்பிடு. அடுத்த கடிதத்தில் மன்னிப்பைப் பற்றி எழுதாதே. ஒரே ஒரு வரியாவது கோபமாக எழுது, எனக்காக. அங்கே நன்றாக இரு. ஆனால் பழகிவிடாதே.

என்றும் உன்,
ஆர்டிஸ்