எடை மெஷினில் பதிந்த ஸ்பிரிங் வட்டம்

இன்று காலை பட்டறையைக் கூட்டும்போது எடை மெஷினை நகர்த்தினேன். அதன் கறுப்பு ரப்பரில், கால் வைக்கிற இடத்துக்கு நடுவே, வால்வு ஸ்பிரிங் அழுந்தி அழுந்தி விழுந்த வட்டம் அப்படியே இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு எத்தனையோ சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். இதை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை.

வீட்டுக்கென்று வாங்கியதுதானே இது. சின்னவள் பிறந்தபின் பெருத்துவிட்டேன் என்று நான் அழுததற்கு அருப்புக்கோட்டை டவுனிலிருந்து தூக்கி வந்தீர்கள். மாதா மாதம் முள் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குக் கொண்டுபோய் டிரில் மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டீர்கள்.

ஸ்பிரிங்கை அதன்மேல் நிறுத்தி, என்ஜினில் உட்காரும் உயரத்துக்குக் கைப்பிடியால் அழுத்துவீர்கள். முள் காட்டும் எடையை நான் சொல்ல வேண்டும். குறைந்தால் அடியில் வாஷர் போட்டு இறுக்கத்தை ஏற்றுவீர்கள். "முள்ளப் பாரு தாயி, என்னையப் பாக்காத" என்பீர்கள். நான் எங்கே உங்களைப் பார்த்தேன்? பார்த்தேன்தான்.

அதில் முதன்முதலாக அளந்தது அந்தப் பரளச்சி ஊர்க்காரரின் டிராக்டர் ஸ்பிரிங்குகளைத்தான், நினைவிருக்கிறதா? மழை பெய்து ஓய்ந்த மறுநாள். மனிதர் வண்டிப் பக்கத்திலேயே குத்தவைத்துக்கொண்டு, "ஈரம் காஞ்சா இந்த வருசம் பருத்தி இல்ல, பாத்துக்க" என்று உயிரை வாங்கினார். புது ஸ்பிரிங்குகள், ஆனாலும் எல்லாமே எடை குறைவாகக் காட்டின. எல்லாவற்றுக்கும் வாஷர் போட்டு மாட்டி முடித்தீர்கள். ஸ்டார்ட் பண்ணப் போனவர், சாவியில் கை வைத்தபடி என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தீர்கள்.

"என்னங்க?"

"கழட்டணும்."

"கிறுக்காய்யா ஒனக்கு? அங்க காடு காயுது!" என்று பரளச்சிக்காரர் எழுந்துவிட்டார்.

"முள்ளு தப்பு அண்ணாச்சி. இவ எடைய கொறச்சுக் காட்டணும்னு மாசாமாசம் நாந்தான் முள்ளப் பூச்சியத்துல நிறுத்துற சக்கரத்தத் திருகி வச்சேன். அத மறந்துட்டு அளந்துட்டேன். இந்த இறுக்கத்துல ஓட்டுனா வால்வத் தூக்குற கேம்ஷாப்டு தேஞ்சுரும்."

எனக்கு அப்படியே ஓடி ஒளியலாம் போலிருந்தது. அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பொஞ்சாதிகிட்டப் பொய் சொல்லப் போயி எம் பொழப்புல விளையாண்டுட்டியேய்யா! சரி, கழட்டு. நானும் ஒரு கை புடிக்கேன்."

பொழுது சாயுமுன் வண்டி பரளச்சிக்குப் போய்விட்டது, ஈரமும் தப்பியது. நீங்கள்தான் தப்பவில்லை. உங்களுக்குச் சோறு வைத்தேன், முகம் கொடுக்கவில்லை. "நீ அழுறதப் பாக்க ஏலல" என்று தட்டைப் பார்த்துச் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக உங்களை அன்றே மன்னித்துவிட்டேன். வெளியில்தான் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது எம்.ரெட்டியபட்டி மெக்கானிக் ஒருவரை வைத்துப் பட்டறையை நானே நடத்துகிறேன். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கு முன்னாலும், "முள்ளு பூச்சியத்துல நிக்குதா?" என்று கேட்டுவிடுவேன். அவர் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும்.

இன்று கூட்டி முடித்து நானே மெஷினில் ஏறினேன். முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். நிஜமாகவே இளைத்துவிட்டேன். அந்தக் காலத்தில் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். இன்று இறங்கிவிட்டு மறுபடியும் ஏறிப் பார்த்தேன், அதே எண்தான். நீங்கள் இருந்தால் எனக்குத் தெரியாமல் சக்கரத்தை இந்த முறை எடை கூடும் பக்கம் திருகி வைத்துவிட்டு, "ஒண்ணும் கொறையல, அப்படியேதான் இருக்க" என்று சொல்லியிருப்பீர்கள். நானும் நம்பியிருப்பேன்.