ரயிலில் நான் ஜெயித்த கேள்வி

என் அன்புத் தம்பி ராஜமாணிக்கம்,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாம் தினமும் வேலைக்குப் போன பாசஞ்சரை இப்போது மின்சார எஞ்சின் இழுக்கிறது. எங்கள் கோவிலில் பூசை தமிழிலேயே நடக்கிறது. "புரியாத பாஷையில சாமிகிட்ட இன்னாண்ணே பேசிக்கினு இருக்கீங்க?" என்று நீ கேட்டதற்கு, லத்தீனை விடக்கூடாது என்று அரை மணி நேரம் வாதாடியவன் நான். இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பாயா?

நீ அச்சகத்தில் எழுத்துக் கோத்தாய். நான் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். உனக்குக் கறுப்புச் சட்டை, என் சட்டைப்பையில் ஜெபமாலை. நம் வாதத்தைக் கேட்க, நம் பெட்டியில் இடம் பிடிக்கவே ஆட்கள் ஓடிவருவார்கள். மண்ணால் செய்த மாதா சுரூபத்தை ஏன் வணங்குகிறீர்கள் என்று கேட்டாய். உன் பர்ஸில் இருக்கும் படம் காகிதமா, உன் அம்மாவா என்று நான் திருப்பிக் கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீ மட்டும் பர்ஸை மூடி உள்ளே வைத்துக்கொண்டாய். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள், மயிலம் தாண்டியதும், குரலைத் தாழ்த்திக் கேட்டாய். "அண்ணே, யாருக்குத் தப்பு பண்ணமோ அவங்க செத்துப் பூட்டாங்கன்னா, சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்கறீங்களே, உங்க பாவசங்கீர்த்தனத்துல அதுக்கு வழி இருக்குதா?"

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தேன். "சாமியே இல்லன்றவனுக்கு மன்னிப்பு எதுக்குப்பா?" என்றேன். பெட்டியே சிரித்தது. நீயும் சிரித்தாய். அப்புறம் விழுப்புரம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாய்.

அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தனம்தான் சொன்னாள். உன் ஊரான கெடாரில் உன் அம்மா சாகக் கிடந்தபோது, உன் கையால் நெற்றியில் திருநீறு வைக்கச் சொன்னார்களாம். கொள்கைக்காக நீ மறுத்தாயாம். உன்னைப் பார்த்தபடியே அவர்கள் கண் மூடினார்களாம். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"அப்பலேர்ந்து அவருக்குத் தூக்கமே இல்லீங்க. உங்கள ஒண்ணு கேக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. கேட்டாருங்களா?"

"கேட்டான்மா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"



பதில் இருந்தது, தம்பி. இறந்தவர்கள் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவதில்லை என்று நாங்கள் நம்புகிறோம். அவர்களுக்காக வேண்டலாம், நமக்காக வேண்டும்படி அவர்களையும் கேட்கலாம். மன்னிப்புக் கேட்கிற வாசல் சுடுகாட்டோடு அடைபடுவதில்லை. எத்தனையோ பேரிடம் இதை நிரூபித்திருக்கிறேன். தேவைப்பட்ட ஒருவனுக்குச் சொல்லவில்லை. நீ கொள்கைக்காகத் திருநீற்றை மறுத்தாய். நான் கைதட்டலுக்காக ஒரு வார்த்தையை மறுத்தேன். யார் தப்பு பெரியது?

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் "அவர் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். உன் பெயரைச் சொல்லும்போது உடைந்துபோனேன்.

கல்லறைத் திருநாள் பூசையில் உன் பெயரையும் உன் அம்மா பெயரையும் சேர்த்தே வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காதுதான். கோபித்துக்கொள். இனி யார் வந்து எதைக் கேட்டாலும், பதிலை எடுப்பதற்கு முன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாப்பா ஆச்சு?" என்று கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காமலே உனக்கு அண்ணனான,
சூசை