இடப்பக்கம் திரும்பினால்

அக்டோபர் 3, வியாழன்

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு மாதம், பதினொரு நாள். கொண்டாட ஒன்றுமில்லை. காலையில் எழும்போது முழங்கால் கணக்குச் சொல்லிற்று, எழுதிவைக்கிறேன்.

மாலையில் நெஸ்ஹா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நாற்பத்தாறு வயது மகள். ஜெல்லாபா அங்கியின் விளிம்பெல்லாம் எண்ணெய்க் கறை, முகத்தில் இரத்தமே இல்லை. மலையடிவாரச் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பவள் அவள். வீடு திரும்பும் வழியில், ஒலிவத் தோப்பை ஒட்டிய வளைவில், எஞ்சினும் விளக்கும் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. பின்னால் ஜல்லி லாரி. அதை ஓட்டியவன் பிரேக்கை மிதித்திராவிட்டால் இந்தப் பக்கத்தில் வேறு எதையோ எழுதிக்கொண்டிருப்பேன். யாரோ ஒரு புண்ணியவான் தன் வண்டியில் ஏற்றிவந்து நகர வாசலில் இறக்கிவிட்டிருக்கிறான்.

இது மூன்றாவது முறை.

"பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"பசிக்குது" என்றாள்.

ஹரீரா சூப்பைச் சுடவைத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தாள்.

அக்டோபர் 4, வெள்ளி

தொழுகை முடிந்து மாலெம் பூஜ்மா வந்தார். இந்தத் தெருவின் பாதி வண்டிகளை உயிரோடு வைத்திருக்கும் மெக்கானிக் அவர், அதனால் எல்லாருக்கும் 'மாலெம்', மேஸ்திரி. ஃபியூஸ் எரிந்துவிட்டது என்றார். சென்ற இரண்டு முறையும் அதே ஃபியூஸ்தான். முதல்முறை பேட்டரியை மாற்றினார், இரண்டாம் முறை சார்ஜ் ஆகும் பெட்டியை.

"ஃபியூஸ் எரிஞ்சது விளைவு மாலெம். காரணம் எங்கே?" என்றேன்.

"லல்லா ஸஹூர், நீங்க இன்னும் பள்ளிக்கூடத்துலயே இருக்கீங்க. வண்டிங்கிறது கோவேறு கழுதை. ஏன் உதைச்சேன்னு அதுகிட்டக் கேட்க முடியாது."

முப்பத்துநான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தேன். இந்த வீட்டில் மின்சாரத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. புளிக்காத மாவைப் பற்றிக் கேட்பார்கள்.

புது ஃபியூஸ் போட்டதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பூஜ்மா தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நெஸ்ஹா டாங்கிக்கு அடியில் கைவிட்டு அந்தச் சுவிட்சைப் போட்டாள். மர்ராக்கேஷில் ரகசியச் சுவிட்ச் இல்லாத வண்டி ஒன்று இருந்தால் அது இந்நேரம் திருடனிடம் இருக்கும். அதை வைப்பவன் வண்டிக்காரனே, மெக்கானிக்குக்குக்கூடக் காட்டுவதில்லை. என் கணவர் மெக்கி, நான்கு ஆண்டுகளுக்கு முன், முற்றத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சில வெள்ளிக்கிழமைகள் உட்கார்ந்து அதை வைத்தார். அது கைகூடிய உற்சாகத்தில் ஹாரன், பிரேக் விளக்கு, திருப்ப விளக்கு ஆகியவற்றின் வயர்களையும் புதிதாக இழுத்துவிட்டார். அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.

அக்டோபர் 7, திங்கள்

ஓடுகிறது. நான் நம்பவில்லை.

அக்டோபர் 9, புதன்

நம்பாதது சரி. இம்முறை சந்தைத் திருப்பத்தில். வழியோரத்தில் பஞ்சர் ஒட்டுபவன் ஒருவன், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறான். "இனிமே எரியவே எரியாதுக்கா" என்றானாம். உண்மைதான், ஃபியூஸ் எரியவில்லை. வண்டி எரியப் பார்த்தது. இருக்கைக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. நெஸ்ஹா கையுறையோடு அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். கையுறை உருகி விரலோடு ஒட்டிக்கொண்டது. டாங்கி நிறையப் பெட்ரோல்.

அவள் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது காசாபிளாங்காவிலிருந்து மகன் ஸுஹைர் பேசினான்.

"அம்மா, அந்தச் சனியனை இரும்புக்காரனுக்குப் போடுங்க. அவளை வேலையை விடச் சொல்லுங்க."

"உன் வேலையை நீ எப்போ விடுறே?" என்றேன். அழைப்பு முடிந்தது.

ஆனால் அவன் சொன்னதில் பாதி நியாயம். வாடகைக் காரில் ஆறு பேர் நிறையும்வரை காத்திருந்தால் நெஸ்ஹா பத்து மணிக்குத்தான் போய்ச் சேருவாள். எட்டுக்கு அங்கே இல்லையென்றால் அடுத்த வாரம் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகத் தலைமை மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுக்கு என்று இந்த வேலை ஒன்றுதான் உண்டு. அவள் கணவன் விட்டுப்போனபோதுகூட அதை மட்டும் அவளால் வைத்துக்கொள்ள முடிந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

மெக்கி இழுத்த வயர்கள் அனைத்தையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்கலாம் என்று பூஜ்மா சொன்னார். நெஸ்ஹா சீறினாள்.

"அப்பா கை வச்சதை யாரும் தொடக்கூடாது. சாயக்காரர் சந்தையில நூல் கடை வச்சவங்கள்ல அவர் கண்ணு மாதிரி யாருக்கு இருந்துச்சு, சொல்லு மாலெம்? ஆயிரம் சிட்டம் நூலுல ஒரு சிட்டம் நிறம் மாறியிருந்தா எடுத்துக் காட்டுற மனுஷன். அவரா வயரைத் தப்பாப் போடுவாரு?"

"சத்தியமா இல்லை. ஸி மெக்கியோட கண்ணை யாரும்மா குறை சொன்னா? வயர் பழசாப்போச்சுன்னேன்."

கூஸ்கூஸ் ஆறிப்போயிற்று. எடுத்துப்போய் மறுபடி சூடாக்கினேன்.

அக்டோபர் 12, சனி

சொந்தப் பரிசோதனை. முற்றத்தில், வெயிலில், முக்காலியில் அமர்ந்து. சாவியைத் திருப்பி, சுவிட்சைப் போட்டு, விளக்கை எரியவிட்டேன். இருக்கையை அழுத்தினேன்: ஒன்றுமில்லை. டாங்கியைத் தட்டினேன்: ஒன்றுமில்லை. கைப்பிடியை வலப்பக்கம் முழுவதும் திருப்பினேன்: ஒன்றுமில்லை. இடப்பக்கம் திருப்பி, கொஞ்சம் அசைத்தேன். 'டப்'. விளக்கு போயிற்று.

ஃபியூஸ் மாற்றி மறுபடி. இடப்பக்கம். 'டப்'.

ஒலிவத் தோப்பு வளைவு இடப்பக்கம். சந்தைத் திருப்பமும் இடப்பக்கம்.

"அம்மா, வகுப்பு எடுக்கிறியா? மணி அடிக்கட்டுமா?" என்றாள் நெஸ்ஹா மாடியிலிருந்து.

"உன் கிண்டல் போதும். மாலெமைக் கூப்பிடு."

அக்டோபர் 13, ஞாயிறு

டாங்கியைக் கழற்றினார்கள். ரகசியச் சுவிட்ச் ஊரறிய வெளியே வந்தது. நெஸ்ஹா அனுமதி கொடுத்த பிறகுதான் பூஜ்மா குனிந்து பார்த்தார். கைப்பிடியின் கழுத்தில், வயர்க்கட்டு வளையும் இடத்தில், ஒரு பச்சை வயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. இடப்பக்கம் திருப்பினால் அது சட்டத்தின் இரும்பில் உராய்கிறது.

"இதோ" என்றேன்.

"அது எர்த் வயர் லல்லா. பச்சைன்னா எர்த்துதான். இரும்புல படத்தான் அது இருக்கு. பட்டா நல்லது."

தவறாகச் சொல்லவில்லை அவர். இந்த ஊர் வண்டிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். சிவப்பு வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். அது கடையில் வாங்கிய நாள் போலிருந்தது.

பச்சையோ கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. செம்புக் கம்பி சுற்றிய அன்று சூடேறியிருக்கிறது. எர்த் வயராக இருந்தால் அந்தக் கோளாறில் அதற்கு எங்கிருந்து சூடு வரும்?

கேட்டேன். "எஞ்சின் சூடு" என்றார். எஞ்சின் எங்கே, கழுத்து எங்கே!

பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. — ஏன்? நீ என்ன கல்லா, கிழவி? பெற்ற மகள் அதில் ஏறிப் போகிறாள்.

அக்டோபர் 14, திங்கள்

யாரிடமும் சொல்லாதே என்று கேட்டவன் இறந்த பிறகும் அந்த வாக்கு செல்லுமா? நான் சட்டம் படிக்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

டாங்கியைப் பூட்டப் பூஜ்மா வந்தார். இனித் தன்னால் ஆவதில்லை, விற்றுவிடுங்கள் என்றார். நெஸ்ஹா மூலையில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவள் அங்கே நிற்க வேண்டும்.

"மாலெம், உங்க சோதனை பல்பை அந்தப் பச்சை வயர்ல வைங்க."

"எர்த்துக்கா? லல்லா, செத்தவனுக்கு நாடி பார்க்கச் சொல்றீங்க."

"பாருங்க."

ஒரு முனையைச் சட்டத்தில் கவ்வவிட்டு மறு முனையைப் பச்சையில் வைத்தார். நெஸ்ஹா சாவியைத் திருப்பினாள். பல்பு எரிந்தது.

"பிஸ்மில்லா!" என்று கையை உதறினார். பிறகு சிவப்பில் வைத்தார். எரியவில்லை. மறுபடி பச்சை. எரிந்தது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது, எர்த்துக்குச் சிவப்பு. பச்சை இரும்பில் பட்டபோதெல்லாம் ஃபியூஸ் எரிந்தது அதனால்தான்.

எழுத முடியவில்லை. விரல் மூட்டு வலிக்கிறது. மீதி பிறகு.

அக்டோபர் 17, வியாழன்

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நெஸ்ஹா பேசினாள். போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லா வளைவும் வளைந்து பார்த்தாளாம். "இடப்பக்கம் ரெண்டு தடவை சும்மாவே திரும்பினேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமையின் மீதி:

பூஜ்மா பச்சை வயரின் காயத்தில் நாடாவைச் சுற்றத் தொடங்கினார். "யாருக்கும் ஒரு தடவை கை தவறும். இந்த ஒண்ணு மாறியிருக்கு. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்பாவுக்குக் கை தவறாது. அவர் போனப்புறம் வேற எவனோ தொட்டிருக்கான்" என்றாள் நெஸ்ஹா.

அங்கேயே விட்டிருக்கலாம். உப்பிய தோலைக் காட்டி, இயற்பியல் என்று சொல்லி, நல்ல பெயரோடு உள்ளே போயிருக்கலாம். ஆனால் ஹாரன், பிரேக், இரண்டு பக்கத் திருப்ப விளக்கு — அத்தனையும் அந்த மனிதர் இழுத்தவை. பூஜ்மா அவற்றை நிறம் பார்த்துத்தான் நம்புவார். இன்னொரு வயர் இன்னொரு வளைவில் காத்திருக்கும்.

"எல்லாத்தையும் பல்பு வச்சுப் பாருங்க மாலெம். ஒரு நிறத்தையும் நம்பாதீங்க" என்றேன்.

"ஏன் லல்லா?"

"மெக்கிக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான். பிறந்ததுலேருந்து."

பூஜ்மா சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாடாவைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, சுவிட்சுக்குத் திரும்புவது போலச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

நெஸ்ஹா என்னையே பார்த்தாள்.

"பொய் சொல்றே."

"எனக்குப் பொய் சொல்ல வராது. சும்மா இருக்கத்தான் வரும்."

"நாற்பது வருஷம் கடை நடத்தினாரு! சிட்டத்தைத் தூக்கிப் பார்த்து இது மாதுளை, இது புதினான்னு சொன்னாரே. நானே கேட்டிருக்கேன்."

"ஒரு முடிச்சுப் போட்டிருந்தா மாதுளை. ரெண்டு முடிச்சுன்னா புதினா. விரலால தடவிச் சொல்லுவாரு. ஒவ்வொரு சாயங்காலமும் சாக்குல கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாரு, விளக்கேத்துறதுக்கு முன்னாடி. நீ தெருவுல விளையாடுறேன்னு நினைச்ச நாளும் உண்டு, எட்டிப்பார்த்துட்டியோன்னு பயந்த நாளும் உண்டு."

அவள் உட்கார இடம் தேடினாள். முக்காலியில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும். சண்டைக்காரியின் குரலில் அல்ல, வகுப்பில் கடைசி வரிசையில் கையுயர்த்தும் பெண்ணின் குரலில் கேட்டாள்:

"அப்போ ஊரே புகழ்ந்துச்சே, அந்தக் கண்ணு யாருதும்மா?"

"என்னுது" என்றேன்.