இளஞ்சிவப்பு ஓட்டையில் மைக்

என்னங்க,

நேற்று நீங்கள் அரை மணி நேரம் பேசியும் ஒன்றும் பதிவாகாததற்கு நான்தான் காரணம். கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, ஸ்பீக்கருக்கான பச்சை ஓட்டையில் மைக்கைச் செருகியிருக்கிறேன். "உனக்கென்ன, கண்ணா புண்ணா? இன்னொரு தடவை என்னால முடியாது, போ" என்று நீங்கள் கத்தியதில் தப்பில்லை. பதிலுக்கு நான் கத்தியதுதான் தப்பு.

இப்போது மைக்கை இளஞ்சிவப்பு ஓட்டைக்கு மாற்றிவிட்டேன். பச்சையில் ஸ்பீக்கர். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லித் திரும்பப் போட்டும் கேட்டேன். மைக் வாய்க்கு ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். கிட்ட வைத்தால் மூச்சுதான் பெரிதாகக் கேட்கிறது. திரையில் சிவப்பு வட்டத்தை அழுத்திவிட்டுப் பேசினால் போதும்.

நாளைக் காலை ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். நம் மகள் வயிற்றில் இருப்பது பிறந்து வளர்ந்து, தாத்தா எப்படிப் பேசுவார் என்று கேட்டால் நான் எதைப் போட்டுக் காட்டுவேன்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். வழக்கம்போல் பேப்பரைப் படித்து, ஊர் உலகத்தைத் திட்டுங்கள்.

பிளாஸ்கில் பால் இருக்கிறது, ஆறவைத்துக் குடியுங்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு வருவேன். சாவி என்னிடம் இருக்கிறது. கதவைத் தட்டி உங்கள் பேச்சைக் கலைக்க மாட்டேன்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று மைக்கில் என்னைப் பற்றிச் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டாம். அப்போது நான் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டேன்.