நான் எழுதிக்கொடுத்த தலைசுற்றல் மாத்திரை

அத்தான்,

இன்று காலை புன்னக்காயலிலிருந்து வந்த ஒரு அம்மா, கொண்டு வந்த பிஸ்கட் டப்பாவை என் மேசைமேல் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள் சலசலவென்று விழுந்தன. சத்து மாத்திரையின் அந்தக் காட்டமான வாடை மூக்கில் ஏறியதுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

ராதாபுரம், திசையன்விளை என்று முப்பது வருடங்களுக்கு மேல் பஸ் ஓட்டிய கைகள் உங்களுடையவை. ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் அந்தக் கைகள் நடுங்கத் தொடங்கின. டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி வேட்டியில் சிந்தும். பிறகு நடை சுருங்கியது. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நேற்றுச் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் அக்காவைப் பார்ப்பீர்கள். அக்காதான் உங்களுக்குச் சவரம் செய்துவிட்டாள்.

வயதானால் வரும் வியாதி என்று நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். டாக்டரான நானும்தான். பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு உங்கள் இருவரையும் சென்னைக்குக் கூட்டிப்போக உங்கள் மகன் முடிவு செய்தான். நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அக்கா மருந்துப் பையோடு என் கிளினிக்குக்கு வந்தாள். "மூணு மாசத்துக்குச் சேத்து எழுதிக் குடு தம்பி. அங்கன போயி யாருட்ட கேக்கது?"

பதினோரு மாத்திரைகள். நாலு டாக்டர்கள் எழுதியவை. சும்மா பார்த்து எழுதாமல், அன்றைக்கு ஏனோ ஒவ்வொன்றின் விவரத்தையும் போனில் தேடிப் பார்த்தேன். எதற்குக் கொடுப்பது, வயதானவர்களுக்கு எவ்வளவு, எதோடு சேரக்கூடாது என்று ஒவ்வொன்றாக. இரண்டு மாத்திரைகள் ஒரே மருந்து; கம்பெனிப் பெயர்தான் வேறு. அடுத்தது தலைசுற்றல் மாத்திரை. 'முதியோர் நெடுநாள் எடுத்தால் கைநடுக்கம், உடல் விறைப்பு, நடைத் தளர்ச்சி வரலாம்.' அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

பழைய சீட்டுகளைப் புரட்டினேன். அதை முதலில் எழுதியவன் நான். பத்து நாளைக்கு என்றுதான் எழுதியிருந்தேன். அடுத்த முறை நீங்கள் வந்தபோது 'பழையபடி தொடரவும்' என்று எழுதியதும் நான்தான். இரண்டு வருடம் ஓடியிருந்தது. நடுக்கத்துக்கு என்று வேறொரு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தேடினேன். அது வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடியது.

மறுநாள் காலையிலேயே உங்கள் வீட்டுக்கு வந்தேன். "அத்தான், உங்க கைநடுக்கத்துக்கு நான் குடுத்த மாத்திரைதான் காரணமா இருக்கும்னு தோணுது. நிறுத்திப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏல, என்ன சொல்லுத? ரெண்டு வருசமா அவிய முழுங்குதாவ! அன்னைக்கே பாத்திருக்கலாம்லா?"

"பேஷண்ட் முன்னால தேடிப் பாத்தா, இவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சிருவாவளோன்னு..." என்று இழுத்தேன்.

நீங்கள் தலையைத் தூக்கினீர்கள். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. "மாப்ள, முப்பது வருசம் ஓட்டுன ரோடுதான். அதுக்காவ வளைவுல பாக்காமயா திருப்புனேன்?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மகனிடம் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னேன். நடுக்கத்துக்கு மருந்து கொடுத்த டாக்டரிடம் பேசினேன், அவரும் சம்மதித்தார். முதலில் தலைசுற்றல் மாத்திரை நின்றது. பிறகு அவருடைய மாத்திரையைப் பையப் பையக் குறைத்தோம். முதல் சில வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. தினமும் உங்கள் கையைப் பார்க்க வருவேன், ஏமாந்து போவேன். உண்மையிலேயே வியாதியாக இருந்து நான்தான் கெடுக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

ஏழாவது வாரம் அக்கா போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. "தம்பி, இன்னைக்கு அவியளே சேவிங் பண்ணிக்கிட்டாவ. நான் கதவோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு கீறல் இல்லலே."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து முடித்ததும் நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

பதினொன்று, கடைசியில் ஐந்தானது. சென்னைக்குப் போகவில்லை நீங்கள். மகன் வந்து அழைத்தபோது, "இங்கன என்ன கொறச்சல்?" என்று நீங்களே சண்டை போட்டீர்கள். அந்தச் சண்டையைக் கேட்டு அக்கா அடுக்களையில் நின்று சிரித்தாள். அதற்குப் பிறகு மூன்று வருடம். ஒரு காலையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். ஆனால் கையும் பேச்சும் கடைசிவரை உங்கள் வசம் இருந்தன. அந்த நிம்மதியில்தான் இதை எழுத முடிகிறது.

இப்போது ஒவ்வொரு சீட்டிலும், மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். வயதானவர்கள் வந்தால் எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்லி, அவர்கள் கண்முன்னாலேயே போனை எடுத்துத் தேடுகிறேன். "கொஞ்சம் இருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்கிறேன்.

இதுவரை ஒருவரும் எழுந்து போனதில்லை, அத்தான்.