மாலை இல்லாத படம்

படகுத்துறை முகாம், அந்தமான்
மே 29

அன்புள்ள பூபாலா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் கோபம் இதற்குள் ஆறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். ஆறாவிட்டாலும் படித்துவிடு. இந்தத் தீவில் செல்போன் கோபுரம் தென்னை மரங்களோடு சேர்ந்து படுத்துக் கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை அரிசி கொண்டுவரும் படகு போர்ட்பிளேருக்குத் திரும்பும்போது தபாலையும் எடுத்துப் போகும். நமக்குள் பேச்சு இனி அந்தப் படகு வழியாகத்தான். வாட்ஸ்அப்பில் நீ சண்டை போட முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, மறைக்க மாட்டேன்.

புயலுக்குப் பிறகு வீடு எழும்புவதையும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதையும் படம் எடுக்கச் சொல்லித்தான் நிவாரண அமைப்பு என்னை அனுப்பியது. எடுக்கிறேன். ஆனால் இங்கே இருப்பவர்களுக்கு அது வேண்டியதில்லை, தங்கள் படம்தான் வேண்டும். கடல் சுவரைக் கொண்டுபோனபோது சுவரில் மாட்டியதையும் கொண்டுபோய்விட்டது. கல்யாணப் படம், குழந்தை தவழ்ந்த படம், எதுவும் மிச்சமில்லை. பாதிப் பேர் நம் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்து குடியேறிய தமிழர்கள். முதல் நாளே தலை சீவி, நிவாரணத்தில் வந்த புதுச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். மெமரி கார்டை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நம் ஸ்டுடியோவில் அச்சுப் போட்டு அனுப்பு.

அதில் ஒன்று மட்டும் அவசரம். பக்கத்துக் கூடாரத்தில் லோகநாயகி என்று ஒருத்தி இருக்கிறாள். எனக்கு டீ, குளிக்கத் தண்ணீர், அதட்டல் எல்லாம் அவள் உபயம். அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம், புயலன்று படகைக் கட்டப் போனவர். அவர் முகம் இருப்பது ஒரே ஒரு வாக்காளர் அட்டையில். உப்புத் தண்ணீரில் ஊறி அதிலும் மூக்கைக் காணோம். அட்டையை நெருக்கத்தில் எடுத்திருக்கிறேன். முகத்தைச் சரிபண்ணி, பெரிதாக்கி, நம் கடையின் நல்ல ஃபிரேமாகப் போட்டு அனுப்பு. "நல்லா வரும்ல அக்கா?" என்று தினமும் கேட்கிறாள். என் வீட்டுக்காரர் கை பட்டால் கல்லும் சிரிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மானத்தைக் காப்பாற்று.

அம்மாவை மாத்திரை போட வை.

உன்
லாவண்யா


சேக்காடு, ஆவடி
ஜூன் 9

லாவண்யாவுக்கு,

கோபம் ஆறவில்லை. ஆறினதும் தெரியப்படுத்துகிறேன்.

சுப்பராயன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் ஒற்றை ஆளாக ஓடினேன். திருமுல்லைவாயிலில் மண்டபம். தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரக்காரர் முதுகுதான் எனக்குக் கிடைத்தது. சுப்பராயன் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "இன்னாபா பூபாலா, ஊட்டுக்காரம்மா எங்க? அவங்க எட்த்தாதான் என் மூஞ்சி மூஞ்சியா வரும்." ஊர் ஊராகப் போய் அடுத்தவர் முகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வாய் வந்தது. சிரித்து வைத்தேன்.

அத்தைக்கு மாத்திரை நேரத்துக்குப் போகிறது. மத்தியானம் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "அவ சாப்ட்டிருப்பாளா?" என்று கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

படங்களைப் பார்த்தேன். வீடு இல்லாத தரையில் ஒரு கிழவனும் கிழவியும் கூடத்தில் நிற்பதுபோல நிற்கிறார்களே, அந்தப் படத்தை மூட மனமில்லாமல் ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தேன். நீ போனது வீணில்லை. இதை ஒரு முறைதான் சொல்வேன்.

ஏகாம்பரம் படத்துக்குத்தான் உயிரை விட்டேன். நீ எடுத்த வரிசையில் 'ஏகாம்பரத்தின் தம்பி தங்கராஜ்' என்று நீ பெயர் குறித்த ஒருவர் இருந்தாரே, அவர் மூக்கைக் கடன் வாங்கி வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. வெளிர்நீலச் சட்டை, தேக்கு ஃபிரேம். நீ எழுத விட்டதையும் நானே பார்த்துச் சேர்த்துவிட்டேன். இதைவிட நல்ல படம் நம் கடையிலிருந்து போனதில்லை. கட்டைப் பிரிக்காமல் அப்படியே அந்த அம்மா கையில் கொடு, கண்ணாடியில் தூசி படக் கூடாது. என் வணக்கத்தையும் சொல்.

கடைக்காரன்
பூபாலன்


படகுத்துறை முகாம்
ஜூன் 21

பூபாலா,

என்ன காரியம் செய்துவிட்டாய்!

நீ சொன்னபடி கட்டைப் பிரிக்கவில்லை. படகிலிருந்து வாங்கியதும் துறையிலிருந்தே கூவினேன்: "லோகு! உன் வீட்டுக்காரர் வந்துட்டார்!" விளையாட்டுக்குத்தான் கூவினேன். கூடாரத்திலிருந்து அவள் ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. கட்டைக் காட்டிச் சமாளித்தேன். அவளும் சிரித்துக்கொண்டேதான் பிரித்தாள். ஊரே சுற்றி நின்றது.

ரோஜா மாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். கீழே 'மறைவு' என்று போட்டுப் புயலடித்த தேதி.

அவர் கிடைக்கவில்லை, பூபாலா. செத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குப் போன படகுகளில் ஒன்று வேறு தீவில் ஒதுங்கி, அந்த ஆட்கள் பல நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். இவளும் தினம் விடிந்ததும் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறாள். வந்தால் சுவரில் தன் படத்தைப் பார்த்துச் சிரிப்பார் என்றுதான் படம் கேட்டாள்.

ஏகாம்பரத்தின் அம்மா படத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். பெண்கள் லோகுவின் வளையலைக் கழற்ற வந்தார்கள். அவள் கூடாரக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். அதோடு போகவில்லை. மாலை போட்ட படத்தைச் சும்மா வைத்திருக்கக் கூடாதாம், குடும்பத்துக்கு ஆகாதாம். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் அந்தப் படத்தை வைத்து அண்ணனுக்குத் திதி கொடுத்துவிடப் போவதாகத் தங்கராஜ் சொல்கிறார். கொடுத்துவிட்டால் அவள் விதவை, அப்புறம் யாரும் எதையும் திருப்ப முடியாது. மாலை இல்லாத படம் வந்தால் இதை எடுத்துவிட்டு அதை வைக்கலாம் என்று மாமியாரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். கிடைத்த அன்றே அனுப்பு.

லோகு என்னோடு பேசுவதில்லை. டீ மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள்.

லாவண்யா


சேக்காடு
ஜூலை 1

லாவண்யா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதே.

வாக்காளர் அட்டையைத் தூக்கிக்கொண்டு நம் கடைப் படி ஏறியவர்களில் உயிரோடு இருப்பவருக்காக வந்தவர் யார்? ஒருவரைச் சொல். அட்டையை மேசையில் வைத்ததும் "எப்போ தவறினாங்க?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். 'படகைக் கட்டப் போனவர்' என்று எழுதினாய். வரவில்லை என்று எழுதினாயா? அவள் காத்திருக்கிறாள் என்று எழுதினாயா? தேதி எழுத மறந்துவிட்டாய் என்று நினைத்து, பேப்பரில் புயல் அடித்த நாளைத் தேடிப் போட்டேன். அக்கறையில் செய்தேனடி.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். நம் வீட்டு அலமாரி மேல் ஒரு படம் கிடக்கிறது. மாலையும் கிடையாது, மாட்ட ஆணியும் கிடையாது. உன் அப்பா, உலகநாதன் மாமா, பாடியில் இருந்த கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போனவர். மேம்பாலத்தடியில் சைக்கிள் நின்றது, ஆளைக் காணோம். நீ அப்போது பிளஸ் டூ. அன்றிலிருந்து இன்றுவரை அத்தை கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிறார். நம் கல்யாணத்தில் மாமா படத்தை வைத்துக் கும்பிடலாம் என்று நான் சொன்னதற்கு நீ மேடை ஏற மாட்டேன் என்றாய். அத்தை படுவது தண்டனை இல்லையா? அதே தண்டனையை அந்தப் பெண்ணுக்கும் வாங்கிக் கொடுக்கத் துடிக்கிறாய். அழுது தீர்த்தால் அவளாவது பிழைப்பாள்.

மாலை இல்லாத படத்தை நான் அனுப்பப் போவதில்லை. முதலில் நீ கிளம்பி வா.

பூபாலன்


படகுத்துறை முகாம்
ஜூலை 8

பூபாலன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் அப்பாவைப் பற்றி இனி நீங்கள் எழுத வேண்டாம்.

படம் அமாவாசைக்குள் வராவிட்டால் நான் சேக்காட்டுக்குத் திரும்ப மாட்டேன். அம்மாவைப் பிறகு வந்து அழைத்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம், ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் எழுதுகிறேன்.

லாவண்யா


சேக்காடு
ஜூலை 15

லாவண்யா,

என்னையே 'அவர்களுக்கு' ஆக்கிவிட்டாயே. படம் இதோடு வருகிறது. ஸ்பீட் போஸ்ட்காரரிடம் அமாவாசை அமாவாசை என்று புலம்பியதில் அவர் எனக்கே ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டார். இந்த முறை பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடு.

இது உன் மிரட்டலுக்குப் பயந்து செய்ததில்லை. உன் கடிதம் வந்தபோது படம் ஃபிரேமுக்குள் போயிருந்தது. நடந்தது இதுதான்.

வழக்கம்போல மத்தியானம் அத்தை கடைக்கு வந்தார். ஏகாம்பரத்தின் மாலை போட்ட படத்தில் ஒரு பிரதியை நான் சுவரில் மாட்டி வைத்திருந்தேன், வேலை நன்றாக வந்த பெருமையில். நிமிர்ந்து பார்த்தார்.

"யாருபா இது?"

"தீவுல ஒர்த்தரு அத்தை. புயல்ல பூட்டாரு."

"ஒடம்பு கெட்ச்சுதா?"

"இல்ல."

"பொண்டாட்டி ஒத்துகினாளா?"

நான் எழுந்து பிரதியைச் சுவரிலிருந்து கழற்றப் போனேன்.

"அப்ப மாலை போட நீ யாரு?"

அவ்வளவுதான் கேட்டார், சத்தம்கூடப் போடவில்லை. உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாலையை எடுத்தேன். மாலைக்கு அடியில் சட்டைக் காலரே இல்லை, அதை வரைய வேண்டியிருந்தது. அத்தை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு எப்ப கேக்குதோ அப்ப போட்டுக் குடு. ஒரு நாள் முன்ன போட்டாலும் பாவம்" என்றார்.

முடித்ததும் கேட்டார்: "எட்த்த மாலைய இன்னா பண்ணுவ?"

"அழிச்சிடுவேன் அத்தை."

"அழிக்காத. உங்க மாமாவுக்குப் போட்டுடு."

நான் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு அந்த வருசமே தெரியும்பா. இருந்தா அவரு வராம இருக்கிற ஆளா? லாவண்யாதான், நீ பொட்ட அழிச்சினா நான் சோறு துன்ன மாட்டேன்னுட்டா. சொன்னாப்புல துன்னல. பரிச்ச நேரம். சரி, புள்ளைக்காக வெச்சிகினு இருப்போம், அதுவா ஒரு நாள் சொல்லட்டும்னு இருந்தேன். அது எனக்கோசரம் சொல்லாம கீது போல."

"அப்போ ராத்திரி கதவு தெறந்து வெக்கிறது?"

"தாழ்ப்பா துருப்புடிச்சிப் போய் கீது. எண்ண போடுன்னு உன்கிட்ட எத்தினி தபா சொன்னேன்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, லாவண்யா. அத்தை தண்டனை அனுபவிக்கிறார் என்று உனக்குப் பாடம் நடத்தினேனே, அந்த வீட்டில் அவரோடே இருந்தும் ஒரு நாள்கூட நான் அவரைக் கேட்டதில்லை. தீவில் இருக்கும் பெண்ணையும் கேட்கவில்லை. நானே முடிவுகட்டி மாலை போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அந்த அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். மாமா படத்தை நான் தொடவில்லை. நீ சொல்லாமல் தொட மாட்டேன்.

பூபாலன்


படகுத்துறை முகாம்
ஜூலை 25

அன்புள்ள பூபாலா,

நேற்று அமாவாசை. கடல் கொந்தளிப்பால் முந்தின நாள் வர வேண்டிய படகு வரவில்லை. விடியற்காலையில் தங்கராஜ் மாலை போட்ட படத்தையும் எள்ளையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். லோகு கூடாரத்துக்குள் கம்பியோடு உட்கார்ந்திருந்தாள். நான் துறையில் நின்று வேண்டாத தெய்வமில்லை. வெயில் ஏறத் தொடங்கியபோது படகின் சத்தம் கேட்டது.

கட்டை நான் முதலில் பிரித்துப் பார்த்தேன், உன் கடிதத்தையும் அங்கேயே நின்று படித்தேன். பிறகு வாயைத் திறக்காமல் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். கண்ணாடி மேல் விரலை வைத்து மூக்கைத் தொட்டாள். "மூக்கு என் கொழுந்தனோடது மாதிரி இருக்கே அக்கா" என்றாள். உண்மையைச் சொன்னேன். நான் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். "பரவால்ல. வந்தா பக்கத்துல நிறுத்தி ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்" என்றாள்.

படத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தங்கராஜ் எள்ளும் தண்ணீருமாகக் கையை நீட்டியிருந்தார். "தம்பி, அவருக்கு இல்ல. வேணும்னு தோணினா நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்றாள். அவர் அவளையும் அவள் இடுப்பில் இருந்த அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். என் அம்மாவின் பேச்சை, ஒரு நாள் முன்னால் போட்டாலும் பாவம் என்றதை, நான் அவரிடம் சொன்னேன். "எனக்கு மட்டும் ஆசையா அக்கா?" என்று அந்த மனிதர் உடைந்து அழுதுவிட்டார். பிறகு அவர் தன் அப்பாவுக்கு மட்டும் தர்ப்பணம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மாலை போட்ட படத்தை லோகு உடைத்துவிடுவாள் என்று நினைத்தேன். துடைத்து, துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "நீங்களே பத்திரமா வச்சுக்குங்க அக்கா. தேவைப்பட்டா எழுதிக் கேக்கறேன்." அதை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்கு வந்துதான் நான் அழுதேன். அவள் என்னைவிடச் சின்னவள். வருவார் என்று ஒரு படம், வராமலும் போகலாம் என்று ஒரு படம், இரண்டும் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இத்தனை வருஷமும் ஒரு படம்தான்.

அம்மாவுக்காகத்தான் பொறுத்திருக்கிறேன் என்று நான் சத்தியமாக நம்பியிருந்தேன், பூபாலா. பஸ்ஸில் போகும்போது பாடி மேம்பாலத்தடியில் இன்றைக்கும் நான் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். நீ கவனித்திருக்க மாட்டாய். காத்திருந்தது நான்தான். தண்டனை என்று நீ எழுதியது தப்பு இல்லை, ஆளைத்தான் மாற்றி எழுதிவிட்டாய்.

அடுத்த படகில் கிளம்புகிறேன். அப்பா படத்தை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, ஆணி அடித்து மாட்டி வை. கம்ப்யூட்டர் மாலை வேண்டாம். ஆவடி மார்க்கெட்டில் சாமந்தி வாங்கி நானே கட்டிப் போடுகிறேன். அம்மாவிடம் பொட்டை அழிக்க வேண்டாம் என்று சொல். இந்த முறை சோற்றை வைத்து மிரட்டவில்லை, அவள் முகத்துக்கு அழகாக இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வை. நான் வந்ததும் ராத்திரி சாத்திக்கொள்ளலாம்.

உன்
லாவண்யா