முறுக்குப் பிழிந்த கை

அண்ணி, தீபாவளிப் பலகாரத்துக்காகப் பரண்மேல் இருந்த முறுக்கு அச்சை இன்று இறக்கினேன். கழுவிய பிறகும் மரத்தில் ஓமமும் பழைய எண்ணெயும் மணக்கின்றன. நீங்கள் இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அச்சின் பிடியைப் பார்த்தால் இன்றும் எனக்குத் திக்கென்கிறது.

அண்ணன் இறந்தபின் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தீர்கள். அதற்குப் பல வருஷம் முன்பே கீல்வாதம் வந்து விரல்கள் வீங்கி, மடங்காமல் போயிருந்தன. தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடிப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் போனபிறகும் நம் ஊருக்கு மருந்து பிரெஞ்சு நாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அப்படிப் புதிதாக வந்த மாத்திரை ஒன்றை டாக்டர் உங்கள் மனத்துக்கென்று கொடுத்தார். உங்கள் மகள் கமலாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தாய்க்குப் புத்தி சரியில்லை என்று வெளியே தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? மூட்டுவலி மாத்திரை என்று ஊராரிடம் சொல்லிவைத்தோம்.

நீங்கள் சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள். பிறகு ஒரு காலை கொல்லையில் ஈரப் புடவையை முறுக்கிப் பிழிந்தீர்கள். உடனே உங்களை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் உங்கள் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, வழக்கமான பிரெஞ்சு மரியாதையோடு என்னிடம் திரும்பினார்.

“இதுக்கு நான் மருந்தே குடுக்கலையே, மதாம்.”

மாத்திரைதான் வீக்கத்தை இறக்கியதா, தானாக இறங்கியதா, அவருக்கும் தெரியவில்லை. நாம் சொன்ன பொய் உங்கள் கையில் மெய்யாகி நின்றது.

நிச்சயதார்த்தத்தன்று, தாலி இழந்தவள் கூடத்துக்கு வரக்கூடாதென்று அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தீர்கள். பக்கத்துத் தெருக்காரரான மாப்பிள்ளையின் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“போன வருஷம் தம்ளர் புடிக்க முடியாம கெடந்த. இப்ப முறுக்கு புழியிற. இன்னா மாத்திர அது? எனக்கும் நாலு குடும்மா, முட்டி உயிர் போவுது.”

நான் எதையோ சொல்லி மழுப்பப் பார்த்தேன். நீங்கள் அச்சைக் கீழே வைத்தீர்கள்.

“மூட்டுக்குக் குடுத்தது இல்லம்மா. மனசு கெட்டுக் கெடந்தேன், அதுக்குக் குடுத்தாங்க. தெரியாம நீங்க முழுங்கி எதுனா ஆச்சுன்னா?”

நான் கூடத்தை எட்டிப் பார்த்தேன். அங்கே தாம்பூலத் தட்டு இன்னும் மாற்றவில்லை. எண்ணெயில் முறுக்கு கருகியது, யாரும் எடுக்கவில்லை.

“பைத்தியமா உனக்கு?”

“அப்பிடித்தான் கெடந்தேன். இப்ப இல்ல. சம்பந்தம் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

அவர் எழுந்து கதவுப்பக்கம் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எம் பெரியவன் செத்ததுலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல. யாருகிட்ட சொல்றது? முட்டி கெடக்கட்டும். அந்த டாக்டருகிட்ட என்னையும் இட்டுகினு போறியா?”

அன்று தட்டு மாற்றினார்கள். கருகிய முறுக்கை அப்புறம்தான் நான் எடுத்துப் போட்டேன்.

இன்று அச்சைக் கழுவும்போது அடுத்த வீட்டு மருமகள் வந்தாள். விரலெல்லாம் வீக்கம். “உங்க அண்ணி சாப்ட மூட்டுவலி மாத்திர பேரு இன்னாக்கா?” என்றாள். அவளுக்குப் பின்னால் அவள் மாமியார் நின்றிருந்தார். பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது.

“அது மூட்டுவலி மாத்திர இல்லம்மா, உள்ள வந்து உக்காரு,” என்றேன் அண்ணி, மாமியாருக்கும் கேட்கும்படி.